குடை வேண்டாத ஊர்

இத்தாலிக்குப் போகப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. ரோமில் மூன்று இரவு, ஃபிளாரன்ஸில் இரண்டு, வெனிஸில் ஒன்று, போகிற வழியில் பீசா கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் ஒரு போட்டோ. டூர் கம்பெனிகள் வருடக்கணக்காக இதையேதான் விற்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாமே பார்க்க வேண்டிய ஊர்கள். ஆனால் ஃபிளாரன்ஸிலிருந்து வெனிஸுக்குப் போகும் அதிவேக ரயில், கிளம்பி நாற்பது நிமிடம் ஆவதற்குள் ஒரு பெரிய ஜங்ஷனில் வந்து நிற்கும். நம் ஆட்கள் பெயர்ப்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். அந்த ஊர் பொலோன்யா. அங்கே இறங்கிவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் ஒற்றைக் கட்டடம் இந்த ஊரில் கிடையாது. கொலோசியம் இல்லை, படகில் பாட்டுப் பாடுகிறவர் இல்லை. வாட்ஸப்பில் படம் போட்டால் "எந்த ஊர் இது?" என்றுதான் கேட்பார்கள். அது பரவாயில்லை என்பவர்களுக்கு, குறிப்பாக நடந்து நடந்து ஊர் பார்க்கப் பிடிக்கும் ஆனால் வெயிலும் மழையும் முழங்காலும் ஒத்துழைப்பதில்லை என்பவர்களுக்கு, ஐரோப்பாவில் இதைவிடத் தோதான பழைய நகரம் எனக்குத் தெரிந்து இல்லை.

காரணம் அதன் போர்ட்டிகோக்கள். தெருவின் இருபுறமும் வீடுகளின் தரைத்தளம் உள்வாங்கியிருக்கும். மேல்மாடி அப்படியே நடைபாதைக்கு மேலே நீண்டுவந்து தூண்களின்மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் கூரை போட்ட நடை. ஒரு தெருவில் இரண்டு தெருவில் இல்லை, ஊர் முழுக்க. மொத்த நீளம் 62 கிலோமீட்டர், பழைய நகரத்துக்குள் மட்டும் 38 கிலோமீட்டருக்குப் பக்கம். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கொட்டுகிற மழையில் ஸ்டேஷனிலிருந்து நடு ஊர்வரை குடை விரிக்காமல் போகலாம். குறுக்குத் தெருவைக் கடக்கும் நாலைந்து அடிக்குத்தான் தலையில் சொட்டு விழும்.

இது எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. பல்கலைக்கழகம் வளர வளர வெளியூர் மாணவர்களும் கைத்தொழில்காரர்களும் வந்து குவிந்தார்கள். மதிலுக்குள் இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டி, மர உத்திரம் கொடுத்து, கீழே முட்டுக்கால் நட்டு அறைகளை வாடகைக்கு விட்டார்கள். மற்ற ஊர்களிலும் இந்த ஆக்கிரமிப்பு நடந்தது. நகராட்சிகள் ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளின. பொலோன்யா நேர் எதிராகப் போனது. 1288இல் போட்ட சட்டப்படி, புதிதாக வீடு கட்டுகிறவர் போர்ட்டிகோ வைத்தே ஆகவேண்டும். இல்லாத வீட்டுக்காரரும் சேர்த்துக்கட்ட வேண்டும். உயரம் குறைந்தது ஏழு பொலோன்யா அடி, அதாவது சுமார் 2.66 மீட்டர், குதிரைமேல் ஒருவர் போக வசதியாக. இடம் வீட்டுக்காரருடையது, பழுதுபார்க்கும் செலவும் அவருடையது, நடக்கிற உரிமை மட்டும் ஊராருடையது. எழுநூறு வருடத்துக்குப் பிறகும் நடைமுறை கிட்டத்தட்ட அதேதான்.

அம்மாவுடன் போயிருந்தேன். முதல் நாள் மாலை ஒரு தூணடியில் இருந்த கல் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டவரிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "நம்ம ஊர்லயும் வழிப்போக்கனுக்குன்னு திண்ணை இருந்துச்சுடா. அதை இடிச்சுட்டுத்தானே உங்கப்பா காருக்குப் போர்ட்டிகோ கட்டினாரு" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல.

ஆரம்பத்தில் எல்லாமே மரத்தூண்கள்தான். தீப்பிடிக்கும், உளுத்துப்போகும் என்று 1568இல் அவற்றைச் செங்கல்லுக்கோ கல்லுக்கோ மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அப்படியும் தப்பிப் பிழைத்த சில மரத்தூண்கள் இருக்கின்றன. ஸ்ட்ராதா மஜ்ஜோரே தெருவில் இசொலானி மாளிகை என்று கேளுங்கள். 13ஆம் நூற்றாண்டின் ஓக் மரத்தூண்கள், ஏறக்குறைய ஒன்பது மீட்டர் உயரம், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியைத் தொட்டால் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்கள், ஓரங்கள் கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகிவிட்டன. மேலே கூரைப் பலகையில் மூன்று அம்புகள் தைத்திருப்பதாகச் சொல்வார்கள். துரோகம் செய்த மனைவியைக் கொல்லக் கணவன் ஏவிய வில்லாளிகள், அவள் ஆடையில்லாமல் ஜன்னலுக்கு வந்து நின்றதும் குறிதவறி எய்துவிட்டார்களாம். கதையை நம்பாதவர்களும் அம்பைத் தேடத்தான் செய்கிறார்கள். எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. மற்ற இரண்டும் அம்புதானா ஆணியா என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு.

எல்லாப் போர்ட்டிகோவும் அழகானது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பேராயர் மாளிகைப் பக்கம் பத்து மீட்டர் உயரத்துக்குக் கம்பீரமாக எழும்பும். சென்ஸநோமே என்ற சந்தில் 95 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி, எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் தெருவில் இறங்க வேண்டியிருக்கும். சில இடங்களில் தரை பளிங்குத் துண்டுகள் பதித்துக் கண்ணாடியாக மின்னும், மழை நாளில் செருப்பு வழுக்கும். பல்கலைக்கழகப் பகுதியில் சுவரெல்லாம் கிறுக்கல், பீர் பாட்டில், மூத்திர வாடை. ஊர் மக்கள் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சண்டை பிடித்திருந்தது. அருங்காட்சியகமாக ஆக்கிப் பூட்டிவைத்த ஊரில் இப்படிச் சண்டை போட ஆள் இருக்க மாட்டார்கள்.

போர்ட்டிகோவிலேயே நீளமானது மலைக்குப் போகிறது. சரகோட்ஸா வாசலில் தொடங்கி, நகரத்தைத் தாண்டி, குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா மாதா கோயில்வரை 666 வளைவுகள், ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர். 1433இல் விடாமல் பெய்த மழையில் பயிர் அழுகும் நிலைமை வந்தபோது, மலைமேலிருந்த மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இறங்கினார்கள்; மழை விட்டது என்பது நம்பிக்கை. அன்றிலிருந்து ஆண்டுதோறும் படம் இறங்கி வருகிறது, சில நாள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்புகிறது. மழையை நிறுத்தியவளின் ஊர்வலமே மழையில் நனையக் கூடாது என்று 1674இல் கூரை போடத் தொடங்கினார்கள். பணம் ஊராரிடம் வசூலித்தது. வளைவுகளில் உபயதாரர் பெயர் பொறித்த கல்வெட்டுகளைப் பார்க்கலாம்: குடும்பங்கள், தொழில் சங்கங்கள், வேலைக்காரர்கள் சேர்ந்து கொடுத்ததும்கூட.

முதல் பாதி சமதரை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போய்விடலாம். மெலொன்செல்லோ வளைவு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது; படிகளும் சரிவுமாக மாறிமாறி மூச்சு வாங்கும். நிதானமாக ஏற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் இதை ஜிம்மாகப் பயன்படுத்துகிறார்கள். எழுபது வயதுத் தாத்தாக்கள் கைவீசி நடந்து என்னைத் தாண்டிப் போனார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு நகரச் சதுக்கத்திலிருந்து குட்டி ரயில் போன்ற ஒரு சுற்றுலா வண்டி மேலேவரை போகிறது. அம்மா அதில் போய், நான் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது கோயிலைச் சுற்றிப் பார்த்து முடித்து நிழலில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா, கீழ போலாமா?" என்றார்.

ஊரின் நடுவில் பியாட்ஸா மஜ்ஜோரே, பெரிய சதுக்கம். அதன் தெற்கே சான் பெத்ரோனியோ கோயில். 1390இல் கட்டத் தொடங்கினார்கள், முகப்பு இன்றுவரை முடியவில்லை. கீழ்ப்பாதி வெள்ளையும் சிவப்புமாகப் பளிங்கு, மேல்பாதி பூசாத செங்கல். முதல் பார்வைக்கு யாரோ கான்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டார் என்றுதான் தோன்றும். வாசலுக்கு மேலே ஒரு காலத்தில் போப் இரண்டாம் ஜூலியஸின் வெண்கலச் சிலை இருந்தது, செய்தவர் மைக்கேலாஞ்சலோ. போப்பின் ஆட்சியை ஊர் உதறித்தள்ளிய 1511இல் சிலையைக் கீழே தள்ளி உடைத்தார்கள். அந்த வெண்கலம் ஃபெராரா பிரபுவின் கைக்குப் போக, அவர் அதை உருக்கிப் பீரங்கி வார்த்தார். பீரங்கிக்கு ஜூலியா என்று பெயரும் வைத்தார். இந்த ஊரின் குணம் புரிய இது ஒன்று போதும்.

ஆனால் உள்ளே போக வேண்டியது சிலைக்காக அல்ல, தரைக்காக. இடப்பக்க நடையில் ஒரு பித்தளைக் கோடு சாய்வாக ஓடுகிறது, 66.8 மீட்டர் நீளம். 1655இல் வானியலாளர் கசீனி பதித்தது. சனிக்கிரகத்தின் வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குப் பெயர் கொடுத்த அதே கசீனி. அந்தக் கோட்டின் நீளம் பூமியின் சுற்றளவில் ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. மேலே கூரையில், 27 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னத் துளை. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அந்தத் துளை வழியே இறங்கும் ஒளிவட்டம் கோட்டைத் தொட்டுக் கடக்கும். வெயில் காலத்தில் சூரியன் உயரத்தில் இருப்பதால் வட்டம் துளைக்குப் பக்கத்திலேயே சிறியதாக விழும். குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடிவரை போய் நீள்வட்டமாக இழுபடும். ஓரத்தில் ராசி அடையாளங்களும் பதித்திருக்கிறார்கள், மேஷம் ரிஷபம் எல்லாம் அம்மா கடகடவென்று கண்டுபிடித்துவிட்டார்.

அந்த ஒளிவட்டத்தின் அளவை வருடம் முழுக்க அளந்துதான் கசீனி ஒரு வழக்கைத் தீர்த்தார். சூரியன் வருடத்தில் சில மாதம் வேகமாகவும் சில மாதம் மெதுவாகவும் நகர்வதாகத் தெரிகிறது. தூரம் மாறுவதால் வரும் வெறும் தோற்றமா, உண்மையிலேயே வேகம் மாறுகிறதா? வட்டம் எவ்வளவு பெருத்துச் சிறுக்கிறது என்று பார்த்தால், தூர மாற்றம் மட்டும் அதற்குப் போதவில்லை. வேகமும் மாறுகிறது என்று சொல்லியிருந்த வானியலாளர் கெப்ளர் பக்கம் தீர்ப்பு வந்தது. கலிலியோவை விசாரணைக் கூண்டில் ஏற்றி 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. போப் ஆட்சிக்கு உட்பட்ட நகரத்தில், கோயில் தரையிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. ஒளிவட்டம் கோட்டைக் கடப்பதைப் பார்க்க, குளிர்காலத்தில் பகல் சுமார் 12.15க்கும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் கோடை மாதங்களில் 1.15க்கும் அங்கே இருங்கள். கால் மணி முன்னே பின்னே ஆகும். மதிய இடைவேளைக்கு எப்போது சாத்துகிறார்கள் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தின் இன்னொரு மூலையில் நெப்டியூன் நீரூற்று. சிற்பி ஜாம்பொலோன்யா 1560களில் செய்தது. மசெராட்டி கார் முகப்பில் இருக்கும் திரிசூலம் இந்தச் சிலை கையிலிருந்து எடுத்ததுதான். கம்பெனி 1914இல் தொடங்கியது இதே ஊரில். ஒட்டினாற்போல் பொதெஸ்தா மாளிகையின் கீழ் ஒரு வளைவு மண்டபம். எதிரெதிர் மூலைகளில் சுவரைப் பார்த்து நின்று கிசுகிசுத்தால் மறுமூலையில் கேட்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே அரைமணி நேரம் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

இரட்டைக் கோபுரங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய நூறு போல கோபுரங்கள் இருந்த ஊர், மிஞ்சியது இருபதுக்குப் பக்கம். அசினெல்லி 97 மீட்டர். பக்கத்தில் 48 மீட்டர் கரிசெந்தா பயமுறுத்துகிற அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் கரிசெந்தாவைச் சுற்றி இடத்தை அடைத்துவிட்டார்கள், அசினெல்லியில் ஏறுவதும் நின்றது. பலப்படுத்தும் வேலை பல வருடம் பிடிக்கும். 498 படி ஏறுவதாகத் திட்டமிருந்தால் கைவிடுங்கள். தள்ளி நின்று பார்த்தாலே போதும்.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1088 என்று கணக்கு, ஐரோப்பாவிலேயே மூத்தது. ஆரம்பகால ஏற்பாடுதான் விசித்திரம். வெளிநாட்டிலிருந்து சட்டம் படிக்க வந்த மாணவர்கள் சங்கம் வைத்து, தங்களுக்குள்ளேயே தலைவரைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வாத்தியார் தாமதமாக வந்தால் அபராதம், பாடத்தை முடிக்காமல் விட்டால் அபராதம், ஊரைவிட்டுப் போவதென்றால் முன்பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். நம் பொறியியல் கல்லூரி மாணவர் யாராவது இதைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். 1732இல் லாரா பாஸி என்ற இருபது வயதுப் பெண்ணுக்கு இங்கே முனைவர் பட்டமும் ஆசிரியர் பதவியும் கொடுத்தார்கள். பொதுவில் பாடம் நடத்த ஆயிரம் தடை. அவர் வீட்டிலேயே இயற்பியல் சோதனைக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1776இல் சோதனை இயற்பியல் பேராசிரியர் பதவியே அவருக்கு வந்தது.

பழைய பல்கலைக்கழகக் கட்டடமான ஆர்க்கிஜின்னாசியோவுக்குப் போனால் சுவர், கூரை, மாடிப்படி எங்கும் ஆறாயிரம் போலக் குலச்சின்னங்கள், எல்லாம் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் விட்டுப்போனவை. மாடியில் பிணக்கூறு அரங்கம், 1637. முழுக்க மரவேலை. நடுவில் வெள்ளைப் பளிங்கு மேசை, சுற்றிலும் மாணவர் அமர அடுக்குப் பலகைகள், ஆசிரியர் இருக்கைக்கு மேல் விதானத்தைத் தோலுரித்த இரண்டு மனித உருவங்கள் தாங்கி நிற்கின்றன. தசைநார் ஒவ்வொன்றும் தெரியும். 1944 ஜனவரி 29இல் குண்டு விழுந்து இந்த அறை தரைமட்டமானது. இடிபாட்டிலிருந்து மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, விட்ட இடத்தில் வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இப்போது பார்ப்பவருக்கு எது பழசு எது புதுசு என்று பிடிபடாது.

ஒரே ஒரு கலைப்பொருளுக்குத்தான் நேரம் என்றால், சந்தைத் தெருவை ஒட்டிய சாந்தா மரியா தெல்லா வீத்தா கோயிலுக்குள் போங்கள். சிறிய கட்டணம் உண்டு. நிக்கொலோ தெல்லார்க்கா 15ஆம் நூற்றாண்டில் சுட்ட மண்ணில் செய்த ஆள் உயரச் சிலைகள். இறந்த ஏசு கீழே கிடக்கிறார், சுற்றி ஆறு பேர். இடது ஓரத்தில் மண்டியிட்டவர் இடுப்பில் சுத்தியல், நம்மை நேராகப் பார்க்கிறார். நடுவில் மேரி கைகளைக் கோத்து அழுகிறாள். வலப்பக்கம் இரண்டு பெண்கள். ஒருத்தி முகத்தைப் பார்க்காமல் இருக்க இரு கையையும் முன்னே நீட்டித் தடுக்கிறாள். கடைசியில் மக்தலேனா ஓடிவருகிறாள். முக்காடும் உடையும் காற்றில் பின்னோக்கிப் பறக்கின்றன, வாய் கிழியத் திறந்து உள்நாக்குவரை தெரிகிறது. ஐரோப்பியச் சிலை என்றாலே அடக்கமான சோகம் என்று பழகிய கண்ணுக்கு இது அதிர்ச்சி. சாவு வீட்டில் மாரடித்து அழுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு "வெளிய போலாம்" என்றார். அன்றைக்கு வேறு எதையும் பார்க்கவில்லை.

இந்த ஊருக்குச் சிவப்பு நகரம் என்று பட்டப்பெயர். ஓடும் செங்கல்லும் ஒரு காரணம், இடதுசாரி அரசியல் இன்னொரு காரணம். 1256இல் நகராட்சி தன் கஜானாவிலிருந்து பணம் கொடுத்து ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பண்ணையடிமைகளை உடையவர்களிடமிருந்து மீட்டு விடுதலை செய்தது. பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தது. (இலவசத் தொழிலாளி போனாலும் வரி கட்டும் குடிமகன் கிடைத்தான் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.) இரண்டாம் உலகப்போரில் நாஜிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்துச் செத்தவர்களின் படங்கள் நெப்டியூன் சிலைக்கு எதிரே சாலாபோர்சா நூலகச் சுவரில் வரிசையாக இருக்கின்றன. அந்தச் சுவரோரம்தான் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். 1945 ஏப்ரல் 21இல் விடுதலை வந்ததும் குடும்பத்தார் தாங்களாகவே வந்து போட்டோவை ஒட்டிவிட்டுப் போனதில் தொடங்கியது இது. பின்னால்தான் முறைப்படி நினைவிடமானது. நூலகத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள், கட்டணமில்லை. கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானியர் காலத்து ஊரின் அடித்தளம் தெரியும்.

ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்ததும் சுவர்க் கடிகாரம் 10.25 காட்டும். பழுது என்று நினைக்க வேண்டாம். 1980 ஆகஸ்ட் 2, விடுமுறைக் கூட்டம் நிறைந்த சனிக்கிழமை காலை, இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் வெடிகுண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். நவ பாசிசக் கும்பலின் வேலை என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அந்த அறையின் சுவர்ப் பிளவை மூடாமல் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே எப்போதும்போல ஆட்கள் ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்று: அதிவேக ரயில்களின் நடைமேடைகள், 16 முதல் 19 வரை, பூமிக்கு வெகு கீழே இருக்கின்றன. கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறும் நம் வழக்கம் இங்கே பலிக்காது, கால் மணி நேரம் முன்னதாக இறங்கத் தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கொழுத்த நகரம் என்பதும் இதன் பட்டப்பெயர்தான். நாம் கேள்விப்பட்ட ஸ்பகெட்டி பொலோனீஸ் இங்கே கிடையாது. கேட்டால் பரிமாறுபவர் முகம் மாறும். அவர்களுடையது தல்யத்தெல்லே, முட்டை சேர்த்துப் பிசைந்து தட்டையாக வெட்டிய பாஸ்தா, மேலே மணிக்கணக்கில் வெந்த ராகு என்ற கறிக்குழம்பு. வெந்த தல்யத்தெல்லேயின் அகலம் எட்டு மில்லிமீட்டர், அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று வரையறுத்து, தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வணிகச் சபையில் வைத்திருக்கிறார்கள். ராகுவின் செய்முறையையும் 1982இல் அதே சபையில் பதிவுசெய்தார்கள். ராகுவில் மாட்டுக்கறியும் பன்றியும் உண்டு. சூப்பில் மிதக்கும் குட்டி தொர்த்தெல்லீனிக்குள் இருப்பது பன்றி. மொர்த்தடெல்லா என்ற தொத்திறைச்சியும் பன்றிதான். சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பெரிய அளவில் மடித்த தொர்த்தெல்லோனி கேளுங்கள். உள்ளே ரிகோட்டா, மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். பரங்கிக்காய் வைத்த வகையும் கிடைக்கும். ஆனால் கவனம்: புதிதாகச் செய்யும் பாஸ்தாவில் முட்டை உண்டு, பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றுச் சாறு விட்டுத்தான் உறையவைப்பது, அப்பாவியாகத் தெரியும் பியதீனா ரொட்டி, திஜெல்லே, பொரித்த கிரெஷெந்தீனே மாவுகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "ஸ்த்ரூத்தோ (அந்தப் பன்றிக்கொழுப்புதான்) இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். அம்மாவுக்கு நான் நம்பியது எர்பே சந்தையைத்தான். தக்காளி, பீச், ஜூனில் செர்ரி, ரொட்டி எல்லாம் வாங்கி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். ஸ்டேஷனுக்குப் பின்புறம் பொலோஞ்ஞீனா பகுதியில் பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் நடத்தும் கடைகளில் அரிசி, பருப்பு, பச்சைமிளகாய் கிடைக்கும். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் தலைக்கு இரண்டு மூன்று யூரோ மேசைக் கட்டணம் சேரும், அது ஏமாற்று அல்ல.

ஜூன் கடைசியில் போக முடிந்தால் இன்னொரு விருந்து உண்டு. ஊரின் திரைப்பட ஆவணக் காப்பகமான சினெதேகா, மீட்டெடுத்த பழைய படங்களுக்கு விழா எடுக்கிறது. ராத்திரி பெரிய சதுக்கத்தில் ராட்சதத் திரை கட்டி ஊருக்கே இலவசமாகப் படம் காட்டுகிறார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் கோயில் படிக்கட்டில் பீட்சாப் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார்கள். காப்பகத்தின் பட்டறை இந்தியப் படங்களுக்கும் நிறையச் செய்திருக்கிறது. 1993இல் லண்டன் தீ விபத்தில் கருகிய சத்யஜித் ராயின் அப்பு படங்களின் நெகட்டிவ்களை ஈரப்பதம் கொடுத்து நிமிர்த்திச் சட்டம் சட்டமாகச் சரிசெய்தது இந்த ஊரில்தான். உதய சங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த "கல்பனா"வும் மீட்டெடுக்கப்பட்டது இங்கேதான். நம் படங்களுக்கு இந்த மருத்துவம் அங்கே போய்த்தான் கிடைத்திருக்கிறது என்று பெருமைப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை.

எப்போது போகலாம்? ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை ஆகஸ்டில் புழுக்கம் நம் ஊரைத் தூக்கிச் சாப்பிடும், கொசுவும் உண்டு. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் பாதி கடைகளுக்குப் பூட்டு. நவம்பரில் பனிமூட்டம், ஆனால் போர்ட்டிகோக்களின் மஞ்சள் விளக்குகளுக்கு அதுதான் பருவம் என்பது என் கட்சி. சனி ஞாயிறுகளில் நடு ஊரின் மூன்று பிரதான சாலைகளிலும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், அந்த இரண்டு நாளும் உங்கள் கணக்கில் விழட்டும். மூன்று இரவு தங்கினால், ஒரு நாளை ராவென்னாவுக்கு ஒதுக்கலாம். சாதாரண ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்போல, ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு மொசைக்குகள். மோதெனா அரைமணி.

அறை பதிவு செய்யும் முன் பொருட்காட்சி நாட்காட்டியைப் பாருங்கள். மார்ச் வாக்கில் அழகுசாதனப் பொருட்காட்சி, வசந்தத்தில் குழந்தைகள் புத்தகச் சந்தை என்று உலகம் முழுவதிலுமிருந்து வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். சாதாரண லாட்ஜ்கூட இரண்டு மூன்று மடங்கு கேட்கும். தேதி மாற்ற வழியில்லை என்றால் ஃபெராரா, மோதெனா, இமோலா ஊர்களில் அறை எடுத்து ரயிலில் வந்துபோகலாம். விமான நிலையத்திலிருந்து ஒற்றைத் தண்டவாள வண்டி ஏழெட்டு நிமிடத்தில் ஸ்டேஷனில் விடுகிறது, அந்தத் தூரத்துக்கு டிக்கெட் கொள்ளை விலை. மூன்று நான்கு பேர் என்றால் டாக்ஸி கட்டுப்படியாகும்.